பூபாலன் அந்தமான் வந்த கதை

ஆவுடையப்பனுக்கு வாய் சும்மா இருக்காது. திட்டுவதற்காகச் சொல்லவில்லை. கண்டக்டர் வேலைக்கு வாய்தானே முதல்! போர்ட் பிளேரில் டெலானிபூர் மேட்டில் கிளம்பி, பஜாரைச் சுற்றி, லம்பா லைன், பத்துபஸ்தி என்று ஆட்களை இறக்கிக்கொண்டே போகும் ஒரு தனியார் பஸ்ஸில், தலை நரைக்கும் மட்டும் அவர்தான் கண்டக்டர். "ஆகே படோ, ஆகே படோ", முன்னால் நகருங்கள் என்று இந்தியில் கத்துவார். பெங்காலிப் பெண்மணியிடம் மருமகளின் பிரசவத்தை விசாரிப்பார். தெலுங்கு மீன்காரரிடம் மகனுக்குப் பெண் அமைந்ததா என்று கேட்பார். டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு அவரவர் வீட்டு விஷயத்தை வாங்கிப் பைக்குள் போட்டுக்கொள்வார். ஒரு வீட்டுச் சங்கதி அடுத்த ஸ்டாப்பில் இறங்கிவிடும். யாரும் கோபித்துக்கொண்டதில்லை, மனுஷன் கெட்ட எண்ணத்தில் பேசுகிறவர் இல்லை என்று எல்லோருக்கும் தெரியும்.

அந்த பஸ்ஸுக்கு இன்னொரு பெருமையும் உண்டு. மெயின்லாண்டிலிருந்து கப்பல் வந்தால், பஜாரில் நாகலிங்கத்தின் கடைக்கு மாத நாவல் கட்டு வரும். அதில் துப்பறியும் பூபாலன் கதை ஒன்றை ஆவுடையப்பன் வாங்கி, டிரைவர் பக்கத்தில் காளி படத்துக்குக் கீழே இருக்கும் பெட்டியில் வைப்பார். டெலானிபூரில் ஏறுகிறவர் எடுத்துக்கொண்டு போய் ரெண்டு நாளில் அதே பஸ்ஸில் திருப்பித் தருவார். அடுத்த நாள் அது லம்பா லைனுக்குப் போகும். மாசம் முடிவதற்குள் அட்டை கிழிந்து, ஒருவர் மஞ்சள் கறையும் இன்னொருவர் பிள்ளை கிறுக்கியதும் சேர்ந்து, பாதித் தமிழர் வீட்டைப் பார்த்துவிட்டு வந்திருக்கும். டிரைவர் பிஸ்வாஸ் சிரிப்பார். "ஆவ்டே பாய், யே ஆத்மி கா பஸ் ஹை யா கிதாப் கா?" என்பார். ஆளுக்கான பஸ்ஸா, புத்தகத்துக்கான பஸ்ஸா என்று.

பூபாலன் என்றால் அப்படி ஒரு பைத்தியம்! கறுப்புக் கோட்டு, கூடவே ஸ்டெல்லா என்ற உதவியாளர், ஆறு பேர் மேல் சந்தேகம், கடைசிப் பக்கத்தில் ஏழாவது ஆள் குற்றவாளி. இருபது வருஷத்துக்கு மேலாக வந்துகொண்டிருந்தது. எழுதுகிறவர் விஜயரங்கன். புத்தகத்தின் பின்பக்கத்தில் அவருடைய போன் நம்பர் இருக்கும். ஆவுடையப்பன் ஒவ்வொரு கதையும் முடித்ததும் ஞாயிற்றுக்கிழமை போன் போட்டு, "சார், அந்தமான்லேந்து பஸ் கண்டக்டர் பேசுதேன், கதை பிரமாதம்" என்பார். "நன்றி சார்" என்று அவரும் வைத்துவிடுவார். அவ்வளவுதான் உறவு. ஆனால் பஸ்ஸில் அதைச் சொல்லும்போது, எழுத்தாளரும் இவரும் ஒரே இலையில் சாப்பிட்டு வளர்ந்தது போல இருக்கும்.

சுனாமி வந்து நாலு வருஷம் கழிந்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, விஜயரங்கன் உடனே போனை வைக்கவில்லை.

"அந்தமான்லயா இருக்கீங்க? அடேயப்பா! நம்ம பூபாலனை அங்க ஒரு தடவை அனுப்பணும்னு ரொம்ப நாளா நினைச்சிட்டிருக்கேன் சார். சுனாமிக்கு அப்புறம் ஏதாவது மர்மமா நடந்திருக்குமே? நீங்க பஸ்ஸில இருக்கிறவர், நாலு விஷயம் காதுல விழும். சொல்லுங்களேன்."

ஆவுடையப்பனுக்குத் தலைகால் புரியவில்லை. மரம் கடத்துகிறவர்களைப் பற்றி ஆரம்பித்தார். "அதெல்லாம் எழுதியாச்சு சார்" என்றார் எழுத்தாளர். தீவில் பேய் நடமாடுவதைச் சொன்னார். "பூபாலன் பேயைப் பிடிக்கமாட்டான் சார்" என்று ஒரு கொட்டாவி வந்தது. இன்னும் ஒரு நிமிஷத்தில் வைத்துவிடுவார் என்று தெரிந்துபோனது. இத்தனை வருஷம் கழித்து ஒரு பெரிய மனுஷன் காது கொடுத்திருக்கிறான், அதைக் கையைவிட்டுப் போக விடுவதா? பக்கத்து வீடு நினைவுக்கு வந்தது. கைக்கு எட்டியதை எடுத்துவிட்டார்.

பக்கத்து வீட்டில் இருப்பவள் ராஜகுமாரி. ராமநாதபுரத்துக்காரி, பிள்ளைகுட்டி இல்லை. புருஷன் சந்திரமோகன் மின்சார ஆபீஸ் லைன்மேன், தெற்கே கார் நிகோபார் தீவில் வேலை. கிறிஸ்துமஸுக்கு மறுநாள் காலையில் அலை வந்து, ஊரோடு சேர்த்து அவனையும் கொண்டுபோய்விட்டது. உடம்பு கிடைக்கவில்லை. ஆள் இறந்துவிட்டான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால்தான் புருஷன் ஆபீசிலேயே வேலை தருவோம் என்றார்கள். சோற்றுக்கு வேறு வழியில்லை, போட்டாள். ஆனால் பொட்டை எடுக்கவில்லை. வீட்டு வாசலில் தொட்டியில் பூக்கிற கனகாம்பரத்தை ரெண்டு விரல் அளவுக்கேனும் தலையில் வைக்காமல் ஆபீஸ் போனதில்லை. ஊர் பேசத்தான் செய்தது. ஒருநாள் ஆவுடையப்பன் பெண்டாட்டி இந்திராணியிடம் மட்டும் அவள் மனசைத் திறந்து சொன்னாள். "செத்துட்டாருன்னு ஆபீசுக்கு எழுதிக் குடுத்துட்டேன் அக்கா. நெத்தியிலயும் எழுதி ஒட்டணுமா?" என்றாள். இந்திராணி அன்று ராத்திரி சாப்பாடு போடும்போது அழுதுகொண்டே புருஷனிடம் அதைச் சொன்னாள். வேறு யாரிடமும் சொல்லவில்லை.

ஆவுடையப்பன் அதைத்தான் இப்போது போனில் சொன்னார். "லைன்மேன் பொண்டாட்டி சார். கையெழுத்துப் போட்டு வேலை வாங்கிட்டா. ஆனா பூவும் பொட்டும் எடுக்கல. பாடியும் கிடைக்கல. யாரு கண்டா சார், ஆளு உசுரோட எங்கயாவது ஒதுங்கி இருந்தாலும் இருப்பான்."

அந்தப் பக்கம் கொட்டாவி நின்றது. பிறகு, "பலே!" என்றார் விஜயரங்கன்.

அந்தப் பலே ஒரு வாரம் ஆவுடையப்பன் காதில் இனித்துக்கொண்டே இருந்தது. பேரைச் சொல்லவில்லையே என்று ஒரு சமாதானமும் கூடவே வைத்துக்கொண்டார். அப்புறம் மறந்துபோனார்.

அடுத்த வருஷம் மழைக்காலத்தில் கப்பல் வந்தது. நாகலிங்கம் கடை வாசலில் அட்டையில் எழுதித் தொங்கவிட்டிருந்தார்: அந்தமானில் பூபாலன்! புத்தகத்தின் பேர் 'அலை கொண்டுபோன கணவன்'. ஆவுடையப்பனுக்குச் சுரீர் என்றது. டெலானிபூரில் பஸ் நிற்கும் நேரத்தில், டீயைக்கூட வாங்காமல், நேரே கதைக்குள் போனார்.

கதையா அது? சீ! எட்டாம் பக்கத்தில் பூபாலன் போர்ட் பிளேரில் ஒரு டாக்சியைப் பிடித்து, ஒரு மணி நேரத்தில் கார் நிகோபார் போய் இறங்குகிறான். ராத்திரி பூராவும் கப்பலில் குடலைப் பிடுங்கிக்கொண்டு போகிற ஊருக்கு டாக்சி! ஆறு பேர் மேல் சந்தேகம் இல்லை. ஒருவர் மேலும் இல்லை. சுகந்தி என்று ஒரு லைன்மேன் மனைவி, ஆபீசில் வேலை செய்கிறாள், நெற்றியில் பொட்டு, தலையில் பூ. பூபாலன் அவளைப் பார்த்த மாத்திரத்தில் கூலிங் கிளாஸைக் கழற்றுகிறான். "ஸ்டெல்லா, விதவை பொட்டு வைப்பாளா?" முடிந்தது கதை. புருஷன் சாகவில்லை. ஆளில்லாத தீவில் குடிசை போட்டு உட்கார்ந்திருக்கிறான். வேலைக்காகப் புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து ஆடிய நாடகம். ரெண்டு பேருக்கும் விலங்கு. ஸ்டெல்லா சிரிக்கிறாள். இந்த மட்டமான முடிவுக்கா மனுஷன் இருபது வருஷம் புத்தகம் சுமந்தார்!

வேறு ஊர்க் கதையாக இருந்தால் எழுதினவரைத் திட்டிவிட்டுத் தூரப் போட்டிருப்பார். இங்கே கோபம் வந்த வேகத்திலேயே அடங்கிவிட்டது. அந்தப் பொட்டு. அந்தக் கையெழுத்து. யாருக்கும் தெரியாமல் போக இதென்ன சென்னையா?

புத்தகத்தைப் பெட்டியில் வைக்காமல் சீட்டுக்கு அடியில் ஜாக்கியோடு திணித்தார். கேட்டவர்களிடம், "இந்தத் தடவை கட்டு வரல" என்றார்.

பிஸ்வாஸ் கண்ணாடியில் பார்த்து, "ஜூட் மத் போலோ, பாய்" என்றார். பொய் சொல்லாதே என்று. ஆவுடையப்பன் விசிலை ஊதினார்.

பஜாருக்கு வந்ததும் நாகலிங்கத்தின் கடைக்கு ஓடினார். "மிச்சமெல்லாம் எங்கிட்ட குடுத்துடும்" என்றார்.

"மிச்சமா? அந்தமான் கதைன்னதும் ஆளாளுக்கு அள்ளிட்டுப் போயிட்டாங்க அண்ணாச்சி. என்ன கதை, டாக்சியில கார் நிகோபார் போறானாமே? சிரிச்சு மாளல."

மறுநாள் காலையில் ஷீலா ஏறினாள். ராஜகுமாரியோடு அதே மின்சார ஆபீசில் டைப்பிஸ்ட். ஏறும்போதே அவளுக்குச் சிரிப்பு பொங்கியது.

"அண்ணாச்சி, படிச்சிட்டேன். இது நம்ம ராஜகுமாரி கதைதானே? அந்தப் பொட்டு! நாங்க ஆபீசுல அஞ்சு வருஷமா மண்டையை உடைச்சிட்டிருக்கோம், பூபாலன் ஒரே பார்வையில சொல்லிட்டான் பாருங்க. நேத்து லீவு போட்டிருந்தா. என் புத்தகத்தை அவ வீட்டுக்கே போய்க் குடுத்துட்டேன், படிச்சுப் பாருடின்னு."

அந்த இடத்தில் ஆவுடையப்பன், அது வெறும் கட்டுக்கதை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாயாடி மனுஷன், ஊருக்கே நியாயம் சொல்கிறவர், அந்த ஒரு வார்த்தைக்கு வாய் வரவில்லை. டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, "ஆகே படோ" என்றார். வண்டியில் முன்னால் போக இடமே இல்லை.

வீட்டில் இந்திராணிக்குத் தெரிந்துபோனது. யாரிடமோ இரவல் வாங்கிய புத்தகத்தைச் சமையற்கட்டில் நின்றுகொண்டே படித்து முடித்திருந்தாள். புருஷன் உள்ளே வந்ததும் அதைத் தூக்கிக் காட்டினாள்.

"எங்கிட்ட அவ சொன்னது. நான் உங்ககிட்ட சொன்னது. இதுல எப்படி வந்துச்சு?"

"பேரைச் சொல்லல, இந்திராணி."

"என்ன செஞ்சு வச்சிருக்கிய!" அவ்வளவுதான் சொன்னாள். சாப்பாட்டைப் போட்டு மூடி வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள். அவள் திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அவருக்கு. பக்கத்து வீட்டு விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. போய்க் கதவைத் தட்ட ரெண்டு தடவை எழுந்தார், ரெண்டு தடவையும் செருப்பைத் தேடுவது போலத் தேடிவிட்டு உட்கார்ந்துகொண்டார்.

அடுத்த நாள் லம்பா லைன் ஸ்டாப்பில் ராஜகுமாரி நின்றாள். ஆவுடையப்பன் முகத்தைத் திருப்பிக்கொள்ளத்தான் பார்த்தார். ஆனால் கண் போய்விட்டது. மல்லிகைப்பூ! விமானத்தில் வருகிற, விலை கேட்டாலே நெஞ்சடைக்கிற மல்லிகைப்பூவை முழக்கணக்கில் வைத்திருந்தாள். புதுச்சேலை. நெற்றியில் எப்போதையும்விடப் பெரிய பொட்டு. முகத்தில் ஒரு வெளிச்சம். இந்த அஞ்சு வருஷத்தில் அவள் பல்லைப் பார்த்தவர் யாரும் இல்லை, அன்று சிரித்தாள்.

"அண்ணே, சாயங்காலம் வீட்டுல இருப்பீங்கள்ல? ஒரு விஷயம் கேக்கணும்."

"இருப்பேம்மா, இருப்பேன்" என்றார். அப்பாடா என்றிருந்தது. கோபம் இல்லை! ஊர் வாயை ஒரு கை பார்க்கிறேன் என்று பூவை வைத்துக்கொண்டு வந்திருக்கிறாள், தைரியசாலி. அன்றைக்குப் பூராவும் ஆவுடையப்பன் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே டிக்கெட் போட்டார். சாயங்காலம் மன்னிப்புக் கேட்டுவிட்டால் தீர்ந்தது என்று முடிவு கட்டினார். அவருக்கு அவரே கொடுத்துக்கொண்ட தீர்ப்பு அது.

அவள் வந்தபோது இந்திராணி அரிசி களைந்துகொண்டிருந்தாள். ராஜகுமாரி உட்காரக்கூட இல்லை. புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தாள்.

"அண்ணே, விஜயரங்கன் சார் உங்களுக்குப் பழக்கம்தானே? அவருக்கு ஒரு போன் போடுங்க."

"எதுக்கும்மா?"

"முன்னுரை படிக்கலியா நீங்க?" அவள் பக்கத்தைத் திருப்பினாள். அவர் படிக்கவில்லை, அவசரத்தில் தாண்டிப்போயிருந்தார். அவள் வாய்விட்டுப் படித்தாள். "'இந்தக் கதையின் கரு என் கற்பனை அல்ல. அந்தமானில் வசிக்கும் நம்பகமான நண்பர் ஒருவர் எனக்குச் சொன்ன உண்மைச் சம்பவம்.' பாத்தீங்களா? உண்மைச் சம்பவம்! லைன்மேன், கையெழுத்து, பொட்டு, எல்லாம் சரியா இருக்கு அண்ணே. என்னைத் திருடின்னு எழுதியிருக்காரு, எழுதிட்டுப் போகட்டும். என்னைப் பத்தின மத்ததெல்லாம் நெசம்னா, அவரு உசுரோட இருக்காருங்கறதும் நெசமாத்தானே இருக்கணும்? யாரோ அவரை எங்கயோ பாத்திருக்காங்க. அந்த நண்பர் யாருன்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க. எந்தத் தீவுன்னு சொன்னா நான் போய்ப் பாத்துக்கறேன்."

களைந்த தண்ணீரைக் கொட்டாமல் இந்திராணி அப்படியே நின்றாள்.

"நாளைக்கு ஆபீசுல எழுதிக் குடுத்துடப் போறேன்" என்றாள் ராஜகுமாரி. "நான் போட்டது பொய்க் கையெழுத்து, என் புருஷன் சாகலன்னு. வேலையைத் திருப்பி எடுத்துக்கட்டும். ஜெயில்ல போட்டாலும் சரி. அன்னைக்கு அதுல கையெழுத்துப் போட்டப்ப நானே அவரைக் கடல்ல தள்ளிவிட்ட மாதிரி இருந்துச்சு அண்ணே. இனி அந்தப் பாவம் இல்ல. போடுங்க போனை."

ஆவுடையப்பன் போனை எடுத்தார். வேறென்ன செய்வார்? எண்ணை அழுத்தினார். மணி அடித்தது. அவர் எடுக்காமல் இருக்க வேண்டும் என்று சாமியை வேண்டினார். எடுத்தால் நல்லது என்றும் வேண்டினார். 'லைன் கிடைக்கல, அடுத்த வாரம் பாக்கலாம்' என்று நாக்கு நுனி வரைக்கும் ஒரு பொய் வந்து நின்றது. ஆனால் நாளைக்குக் காலையில் அவள் ஆபீஸ் போய்விடுவாள். இவர் பஸ்ஸிலேயே போவாள், இவரே டிக்கெட் கிழித்துக் கொடுப்பார். போனைக் கட் செய்தார்.

"நான்தாம்மா" என்றார்.

"என்ன அண்ணே?"

"அந்த நண்பர் நான்தான். நான்தான் அவர்ட்ட சொன்னேன்."

ராஜகுமாரி ஒரு அடி முன்னால் வந்தாள். அவள் முகம் அப்படி மலர்ந்ததை இந்திராணியால் பார்க்க முடியவில்லை, சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"நீங்க பாத்தீங்களா? எங்க அண்ணே பாத்தீங்க? எங்கிட்ட ஏன் சொல்லல?"

"பாக்கலம்மா. நான் யாரையும் பாக்கல. எனக்கு ஒண்ணும் தெரியாது. அவரு கதை கேட்டாரு. உன் கதையைச் சொன்னேன். உடம்பு கிடைக்கலியே, உசுரோட இருந்தாலும் இருப்பான்னு… சும்மா சொன்னேன்."

"சும்மாவா?"

"சும்மாதாம்மா."

அவள் கத்துவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று காத்திருந்தார். அதற்குத் தகுந்தவர்தான் என்று தலையைக் குனிந்துகொண்டார். அவள் அதெல்லாம் செய்யவில்லை. புத்தகத்தை மேஜை மேல் வைத்தாள். தலையிலிருந்த பூவைத் தொட்டுப் பார்த்தாள், ஏன் இத்தனை வாங்கினோம் என்று யோசிப்பது போல.

"ரெண்டு நாளா உசுரோட இருந்தாரு அண்ணே" என்றாள்.

ஆவுடையப்பன் மன்னிப்பு என்ற வார்த்தையைத் தேடினார். காலையிலிருந்து தயாராக வைத்திருந்தார், இப்போது அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. அவள் வாசலுக்குப் போய்ச் செருப்பில் காலை நுழைத்தாள். இந்திராணி ஈரக்கையோடு அவள் பின்னாலேயே போய்த் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

அப்போது போன் அடித்தது. விஜயரங்கன். கட் ஆன அழைப்பைப் பார்த்துத் திரும்பக் கூப்பிடுகிறார். ராஜகுமாரி நின்றாள். ஒரு செருப்பு காலிலும் ஒன்று தரையிலுமாகத் திரும்பினாள்.

"கேளுங்க அண்ணே" என்றாள். "நீங்க சும்மா சொல்லியிருக்கலாம். வேற யாராச்சும் பாத்துட்டுச் சொல்லியிருக்கலாம்ல?"

ஆவுடையப்பன் போனைக் காதில் வைத்தார்.

"சார், நம்ம அந்தமான் பூபாலன் எப்படி? அசத்திட்டோம்ல?" என்றது உற்சாகமான குரல்.

"சார், ஒண்ணு கேக்கணும். அந்த லைன்மேன் உசுரோட இருக்கான்னு… என்னைத் தவிர வேற யாராச்சும் உங்ககிட்ட சொன்னாங்களா?"

"வேற யாரு சார் எனக்கு அங்க இருக்கா? முழுக்க நீங்க குடுத்த கதைதான். முன்னுரையில்கூட நன்றி சொல்லியிருக்கேனே, பாக்கலியா?"

போனை அணைத்து, குனிந்தபடியே மேஜை மேல் வைத்தார். நிமிர்ந்தால் அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். பார்த்துத்தான் ஆக வேண்டும். நிமிர்ந்தார். அவள் இன்னும் அப்படியேதான் நின்றாள், இந்திராணியின் கையைப் பிடித்துக்கொண்டு.

"இல்லம்மா" என்றார். "நான் மட்டுந்தான்."